மூளையில் முளைத்தாலும் அது விரைப் புற்றுநோய்தான்

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆனால் போதும், பெருந்துறைப் பக்கத்தில் இருக்கிற எங்கள் காட்டு வரப்பில் புதிதாகப் பார்த்தீனியம் முளைத்திருக்கும். போன வருசம் அந்த இடத்தில் ஒரு செடிகூட இருந்திருக்காது. மேற்கே எங்கேயோ வாய்க்கால் கரையில் பூத்து நின்ற செடியின் விதை தண்ணீரோடு வந்து இங்கே ஒதுங்கியிருக்கும். மஞ்சள் காட்டுக்குள் முளைத்துவிட்டது என்பதற்காக அதை யாரும் மஞ்சள் என்று சொல்வதில்லை. பார்த்தீனியம் எங்கே முளைத்தாலும் பார்த்தீனியம்தான்.

புற்றுநோயும் அப்படித்தான். விரையில் தொடங்கி மூளைக்குப் போன நோய்க்குப் பெயர் மூளைப் புற்றுநோய் இல்லை. அது மூளையில் குடியேறிய விரைப் புற்றுநோய். செய்தித்தாள்களில் விதைப்பைப் புற்றுநோய் என்று எழுதுவார்கள். பைக்குள் இருக்கிற விரையில்தான் நோய் தொடங்குகிறது என்பதால் விரை என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெயர் மாறினால் மருந்து மாறும், பிழைக்கிற வாய்ப்பும் மாறும். எங்கள் வீட்டில் இதை ஒரு வாரம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

என் சித்தப்பா மகனுக்கு அப்போது 24 வயது. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி. ஒரு நாள் விடியற்காலையில் தறிக்குடோனிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேனில் மூளையில் இரண்டு கட்டிகள். "மூளைக் கட்டி, முத்திப்போச்சு, வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய உடம்பின் மற்ற பாகங்களை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மனசு கேட்காமல் கோயம்புத்தூரில் இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேனைப் பார்த்தார், அவன் வயதைப் பார்த்தார், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதில் நுரையீரல் முழுக்க உருண்டை உருண்டையாகப் புள்ளிகள். உடனே திரும்பி அவனிடம் கேட்டார்: "விதைப்பையில வீக்கம் ஏதாவது இருக்குதாப்பா?" அவன் பதில் சொல்லவில்லை. சின்னம்மா கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். அவன் என்னைப் பார்த்து, "அண்ணா, அம்மாவக் கொஞ்சம் டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றான்.

எட்டு மாதமாக இருந்திருக்கிறது. முதலில் புளியங்கொட்டை அளவு, அப்புறம் எலுமிச்சை அளவு. வலியே இல்லை. கூட்டாளி ஒருவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். "சூடு மாப்ள, தொப்புள்ல வெளக்கெண்ணெய் வெச்சுட்டுப் படு" என்று அவன் சொன்னதோடு முடிந்துபோனது.

நம் நாட்டில் இது அரிய நோய்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள். வயதானவர்களுக்குத்தான் புற்றுநோய் வரும் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. பிறக்கும்போதே விரை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ தங்கிவிட்டவர்களுக்கு ஆபத்து சில மடங்கு கூடுதல். அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். "பெருசானா தானா எறங்கிக்கும்" என்று பள்ளிக்கூடம் போகும் வயது வரை விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

சரி, அடிவயிற்றுக்கும் கீழே இருக்கிற ஓர் உறுப்பிலிருந்து உச்சந்தலைக்குள் நோய் எப்படிப் போகிறது?

விரைகள் கருவிலேயே இப்போது இருக்கிற இடத்தில் உருவாவதில்லை. வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறப்பதற்கு முன் மெதுவாகக் கீழே இறங்கி வருகின்றன. வரும்போது தங்களுடைய இரத்தக் குழாய்களையும், சதைக்குள் ஊறுகிற நீரை வடித்துக் கொண்டுபோகிற நிணநீர்க் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. அதனால் விரையின் நிணநீர் பக்கத்தில் இருக்கிற தொடையிடுக்கு நெறிகளுக்குப் போவதில்லை. நேராக மேலே, சிறுநீரக மட்டத்தில் முதுகெலும்புக்கு முன்னால் ஓடுகிற பெருந்தமனியைச் சுற்றியிருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. எவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுத்தாலும் பெண்ணின் முதல் போக்குவரத்து தாய்வீட்டோடுதானே, அந்த மாதிரி. எனவே நோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் சேருகிற இடம் அந்தத் தாய்வீடுதான். அங்கே கணுக்கள் பெருத்தால் நடுமுதுகு வலிக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே தறி ஓட்டுகிறவனுக்கு முதுகுவலி என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? அவனுக்கும் மூன்று மாதமாக முதுகுவலி இருந்தது. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

விரையில் கட்டி என்று சந்தேகம் வந்தால் பையின் வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்வதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. விரையின் நிணநீர் மேலே போகிறது, பையின் தோலுக்கு உரிய நிணநீர் தொடையிடுக்குக்குப் போகிறது. இரண்டும் வேறு வேறு வாய்க்கால்கள். நடுவில் குத்தினால் ஒரு வாய்க்காலில் இருக்கிற நோயை இன்னொன்றுக்கு நாமே திருப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும். அறுவை செய்யும்போதும் தொடையிடுக்கில் கீறித்தான் விரையை மேலே எடுப்பார்கள், பையைத் தொட மாட்டார்கள்.

முதுகுப்புறக் கணுக்களிலிருந்து நிணநீர் மார்புக்குள் ஏறும் ஒரு குழாய் வழியாகப் போய், இடது கழுத்தடியில் பெரிய சிரை ஒன்றில் கலக்கிறது. சிலருக்கு இடது காறை எலும்புக்கு மேலே கட்டி தட்டுப்படுவது அதனால்தான். சிரையில் கலந்துவிட்டால் அப்புறம் இரத்த ஓட்டம். இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல். நுரையீரலில் இரத்தக் குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியதாகப் பிரிந்து வலை போல் இருக்கின்றன. மிதந்து வருகிற நோய்ச் செல்களுக்கு அது முதல் சல்லடை. பெரும்பாலானவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். வேர்பிடித்து வளர்ந்து அங்கிருந்தும் கிளம்புகிறவை இதயத்தின் இடப்பக்கம் வந்து, தமனிகள் வழியாக உடம்பெங்கும் போகும். மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளுகிற இரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது. மூளையில் விரைப் புற்றுநோய் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரலிலும் இருப்பது இந்த வழியால்தான். அந்த மருத்துவர் மூளை ஸ்கேனைப் பார்த்ததும் நெஞ்சு எக்ஸ்ரே கேட்டது ஏன் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இவ்வளவு தூரம் எல்லோருக்கும் போவதில்லை. இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் மூளைக்குப் போகிறது. மிகவும் பரவிய நிலையில் வருகிறவர்களை மட்டும் எடுத்தால் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறும்.

எல்லா வகையும் ஒரே வேகத்தில் போவதும் இல்லை. விரைப் புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, விந்தணுவை உண்டாக்குகிற இனச்செல்களில் தொடங்குகின்றன. அவற்றைச் செமினோமா, செமினோமா அல்லாதவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். செமினோமா மெதுவாக வளரும், பெரும்பாலும் நிணநீர் வழியாகவே போகும். மற்றதில் ஒரு வகைதான் மூளைக்கு வழி தெரிந்தது: கோரியோகார்சினோமா.

இனச்செல் என்பது ஒரு முழு மனிதனாக வேண்டிய செல். தலைமுடி, பல், எலும்பு எல்லாமாகவும் மாறுகிற திறமை அதற்குள் இருக்கிறது. கருவோடு சேர்ந்து வளருகிற நஞ்சுக்கொடியாக மாறும் திறமையும் இருக்கிறது. தாயின் கருப்பைக்குள் நஞ்சுக்கொடிச் செல்களின் வேலையே தாயின் இரத்தக் குழாய்களைத் துளைத்து உள்ளே போவதுதான். அப்போதுதான் குழந்தைக்குச் சத்து கிடைக்கும். கோரியோகார்சினோமா இந்தக் குணத்தைக் கட்டுப்பாடில்லாமல் எடுத்துக்கொண்ட நோய். நிணநீர்க் கணுவுக்காகக் காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே இரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிடும். போய்ச் சேர்ந்த இடத்திலும் குழாய்களைத் துளைப்பதால் அங்கே இரத்தம் கசியும். சிலருக்கு மூளையில் இரத்தக் கசிவுதான் நோயின் முதல் அறிகுறியாகவே வரும்.

அவனுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று சித்தப்பா கவுன்டரில் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். "ஏனுங்க, இது பொம்பளைங்களுக்கு மாசமா இருக்கறாங்களான்னு பாக்கற டெஸ்ட்டுங்களே, பேர மாத்திப் போட்டுட்டீங்களா?" காகிதத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்று இருந்தது. பக்கத்தில் 1,40,000-க்கு மேல் ஓர் எண். ஆண்களுக்கு இது கிட்டத்தட்ட இல்லாத அளவில்தான் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி சுரக்கிற அதே ஹார்மோனைத்தான் இந்தக் கட்டியும் சுரக்கிறது. அதனால் சில ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல் பெருப்பதும் உண்டு. இதோடு ஏ.எஃப்.பி., எல்.டி.எச். என்று இன்னும் இரண்டு சோதனைகள் பார்ப்பார்கள். செமினோமா மட்டும் இருந்தால் ஏ.எஃப்.பி. ஏறாது, ஏறியிருந்தால் மற்ற வகையும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இளைஞனுக்கு இந்த எண்கள் இப்படி எகிறியிருந்து, விரையில் கட்டியும் இருந்து, நிலைமை அவசரமாகவும் இருந்தால் மூளையைத் திறந்து சதை எடுத்துப் பார்க்கிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. விரையைக்கூடப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று கீமோவை முதலில் தொடங்குவார்கள். அவனுக்கும் அப்படித்தான் தொடங்கினார்கள்.

ஊரில் அதற்குள் "நாலாவது ஸ்டேஜாம்" என்று பேச்சு பரவிவிட்டது. இந்த நோய்க்கு நாலாவது ஸ்டேஜே கிடையாது. மூன்றோடு முடிகிறது. மூளைக்குப் போயிருந்தாலும் மூன்றாவது நிலைதான், அதிலே கடைசிப் பிரிவு. இது வெறும் கணக்கு வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. நாலாவது ஸ்டேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் பணத்தைச் செலவு செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பரவிய பிறகும் முழுதாகக் குணமாக்கும் நோக்கத்தோடு வைத்தியம் செய்கிற புற்றுநோய்கள் மிகச் சில. இது அவற்றில் முதலில் வருவது.

இதற்குக் காரணம் பிளாட்டினம். 1965-ல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க் என்ற விஞ்ஞானி பாக்டீரியாக்களுக்கு மின்சாரம் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை பிரிந்து பெருகாமல் நீண்டுகொண்டே போயின. மின்சாரத்தால் அல்ல, பிளாட்டினக் கம்பியிலிருந்து கரைந்த பொருளால் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1974-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்து விரைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். அதற்கு முன் பரவிய நோயில் நூற்றில் ஐந்து பத்துப் பேர் பிழைத்தால் அதிகம். இன்று பரவிய நோய் உள்ளவர்களை மொத்தமாக எடுத்தால் எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

ஆனால் மூளை என்று வரும்போது ஒரு சிக்கல். மூளையின் இரத்தக் குழாய்கள் மற்ற இடத்துக் குழாய்களைப் போல் இல்லை. அவற்றின் சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக நெய்த துணி போல் ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் இருக்கிற கண்டதும் மூளைக்குள் போகாமல் காக்கிற ஏற்பாடு இது. சிஸ்பிளாட்டினையும் இது பெரும்பாலும் உள்ளே விடாது. அப்படியானால் மருந்து எப்படி வேலை செய்கிறது? கட்டி தனக்காக அவசரமாக உண்டாக்கிக்கொள்கிற குழாய்கள் நைந்த துணி போல் இருக்கும். இழை விலகி, ஓட்டையாக. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் ஏற்றுகிற சாய மருந்து கட்டியில் மட்டும் வெள்ளையாகத் தெரிவது அந்த ஓட்டை வழியாகக் கசிந்து உள்ளே போவதால்தான். அதே ஓட்டை வழியாகக் கீமோவும் போகும். கட்டியாக வளராமல் ஓரிரு செல்களாகப் பதுங்கியிருப்பவைதான் நல்ல நெசவுக்குப் பின்னால் தப்பித்துக்கொள்ளும். உடம்பில் எல்லா இடமும் சுத்தமான பிறகு மூளையில் மட்டும் நோய் திரும்புகிற கொடுமை சிலருக்கு நடப்பது இதனால்தான்.

ஆகவே மூளைக்குப் போன நோய்க்கும் முதல் ஆயுதம் கீமோதான். பி.இ.பி. என்று சொல்லுகிற மூன்று மருந்துக் கூட்டு வழக்கமானது: பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின். 21 நாளைக்கு ஒரு சுற்று, இவ்வளவு பரவியிருந்தால் நாலு சுற்று. நுரையீரலில் நோய் நிறைய இருந்தால் பிளியோமைசினுக்குப் பதிலாக ஐபாஸ்பமைட் கொடுப்பதுண்டு, ஏனென்றால் பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. அவனுக்கு அந்த மாற்றுத்தான் கொடுத்தார்கள். கட்டி ஒன்றிரண்டாக இருந்து எட்டுகிற இடத்தில் இருந்தால் அறுவை. தேவைப்பட்டால் கதிர்வீச்சு, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைக்கிறது. மூளை முழுவதற்கும் வைப்பதும் உண்டு, கட்டியை மட்டும் குறிபார்த்து வைப்பதும் உண்டு. யாருக்கு எது, எந்த வரிசையில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வலிப்புக்கும் மூளை வீக்கத்துக்கும் தனி மருந்துகள் கூடவே போகும்.

சிஸ்பிளாட்டின் ஏற்றுகிற நாளில் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள், சிறுநீரகம் கெடாமல் இருக்க. வாந்தி அவனை வாட்டி எடுத்தது. காதில் இரைச்சல் வரும், கீச்சென்ற ஒலிகள் கேட்காமல் போகலாம். அவனைக் கேட்டபோது, "தறிச் சத்தத்துல ஏற்கெனவே பாதிக் காது போயிருச்சுங்ணா" என்றான். அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, மருத்துவரிடம் சொன்னேன். காது பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்று கொடுத்தார்கள். சோமனூர், பல்லடம் பக்கத்துப் பையன்கள் யாருக்காவது இந்த மருந்து கொடுக்கும்போது தறி ஓட்டுகிறவன் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க சைக்கிள் வீரருக்கு 1996 அக்டோபரில், 25 வயதில், இதே நோய் இதே நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. வயிறு, நுரையீரல், மூளை எல்லா இடத்திலும். மூளையில் அறுவை செய்து, பிளியோமைசின் சுற்றுக்குப் பின் ஐபாஸ்பமைட் கூட்டுக்கு மாற்றி, அந்த டிசம்பரிலேயே கீமோவை முடித்தார்கள். ஊக்க மருந்து எடுத்ததற்காக அவருடைய பட்டங்களை 2012-ல் பறித்துவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் நோயிலிருந்து அவர் மீண்டது உண்மை.

எல்லோரும் அவரைப் போல் மீள்வார்கள் என்று நான் எழுத மாட்டேன். 2016-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, மூளைக்குப் பரவிய 523 பேரின் விவரங்களைத் தொகுத்தது. நோய் கண்டுபிடிக்கும்போதே மூளையில் இருந்தவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 48 சதவீதம். முதல் வைத்தியம் முடிந்து, நோய் திரும்பி மூளைக்குப் போனவர்களில் 27 சதவீதம். பாதிக்குப் பாதி என்றால் பயம்தான். ஆனால் "வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பப்பட்ட ஒருவனுக்குப் பாதிக்குப் பாதி என்பது எவ்வளவு பெரிய எண் என்று அந்த வார்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

மூளைக்குப் போயிருக்கிறது என்பதற்கு அடையாளங்கள்: காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கிற தலைவலி, காரணமில்லாத வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்ந்துபோவது, பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது. விரையில் கட்டி இருக்கிற, அல்லது எப்போதோ அதற்கு வைத்தியம் பார்த்த ஒருவருக்கு இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளை என்ன சொல்கிறது என்று பார்க்கிற மருத்துவரிடம் விரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும்.

அந்த நிலைக்கு வராமல் தடுக்கிற வேலை ரொம்பச் சின்னது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கிறோம் இல்லையா, அந்தச் சூட்டில் பை தளர்ந்திருக்கும். ஒவ்வொரு விரையாக விரல்களுக்கு நடுவில் மெதுவாக உருட்டிப் பார்த்தால் போதும். பின்பக்கம் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும், அது எல்லோருக்கும் இருப்பது. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ இறங்கியோ இருப்பதும் சகஜம். விரையோடு ஒட்டிய கெட்டியான கட்டி, புதிதாக வந்த வீக்கம், ஒரு பக்கம் மட்டும் பாரமாக இருப்பது, இவைதான் காட்ட வேண்டியவை. வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. பைக்குள் நீர் கோத்துக்கொள்கிற ஓதமாகவும் இருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பையன்கள் வாய் திறக்காததற்கு வெட்கம் பாதிக் காரணம், கல்யாணம் மீதிக் காரணம். ஏற்கெனவே பெண் கிடைக்காத காலம், இது வெளியே தெரிந்தால் யார் கொடுப்பார்கள் என்று வீடே மூடி மறைக்கிறது. ஒரு விரையை எடுத்துவிட்டாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். கீமோவால் விந்தணு குறையும் என்பதால், தொடங்குவதற்கு முன்பே விந்தணுவை வங்கியில் சேமித்து வைக்கலாம். இதை மருத்துவர் சொல்ல மறந்தாலும் நாம் கேட்க வேண்டும், ஏனென்றால் கீமோ தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு அட்டை கிடைக்கும். சித்தப்பா முதல் சுற்றுக்கு ஆட்டை விற்றார், இரண்டாவது சுற்றுக்குத்தான் அட்டை கைக்கு வந்தது.

அவன் இப்போது பாவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பீட்டா எச்.சி.ஜி. எண்களை எழுதி வைத்திருக்கிறான். கட்டி செத்துக்கொண்டிருந்தால் இந்த எண் மளமளவென்று குறைந்துகொண்டே வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை வைத்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தானே கணக்குப் போட்டுப் பார்த்தான். முதல் வரியில் 1,40,000-க்கு மேல். அப்புறம் ஆயிரங்கள். அப்புறம் நூறுகள். மூன்றாவது சுற்று முடிந்தபோது ஒற்றை இலக்கம். கடைசி ஆறு வரிகளில் எண் இல்லை, "நார்மல்" என்று மட்டும் எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் தலை எம்.ஆர்.ஐ.க்கும் போக வேண்டிய தேதி, ஐப்பசியில்.